காற்றுத் துவாரத்தில் ஒரு சீலைத்துண்டு

எங்கள் வரவேற்பறைச் சுவரில் உள்ளங்கை அளவில் ஒரு துவாரம் இருக்கிறது. அதற்கு வெள்ளை நிறத்தில் ஒரு கம்பித்தட்டி மூடி. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அவர்கள் பார்ப்பதெல்லாம் எதிர்ச்சுவரில் எரியும் காஸ் நெருப்பைத்தான். நான் மட்டும் துவாரத்தைப் பார்க்கிறேன். ஆறு வருடங்களாகப் பார்க்கிறேன், பார்க்கிற ஒவ்வொரு முறையும் வெட்கமாக இருக்கிறது. எனக்கு இலேசில் வெட்கம் வராது என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான்.

ஆசை தொடங்கியது இந்த டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில். தெரிந்த குடும்பம் ஒன்று அங்கே புது வீடு வாங்கிப் பால் காய்ச்சியது. நாங்களும் போனோம். வரவேற்பறைக்குள் கால் வைத்ததுமே என் கண் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. சுவருக்குள் விறகுக்கட்டைகள் எரிந்துகொண்டிருந்தன. எரிந்தன, ஆனால் குறையவில்லை. சாம்பல் இல்லை, கரி இல்லை. கட்டைகள் பீங்கான் மாதிரியான ஏதோ ஒன்றில் செய்தவை, அடியில் இருந்து காஸ் வருகிறது என்று வீட்டுக்காரர் விளக்கினார். ரிமோட்டைச் சட்டைப்பையில் பேனா மாதிரிக் குத்தி வைத்திருந்தார். சனம் வரிசையில் நின்று அதற்கு முன்னால் படம் எடுத்தது. காய்ச்சிய பாலை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் ஊரான கிரின்ஸ்டெட்டுக்குத் திரும்பி வரும் வழி முழுக்க நான் அதைப் பற்றியே கதைத்தேன். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"எங்களுக்கு ஏன் உது? ரேடியேற்றர் நல்லாத்தானே சுடுது," என்றாள்.

"சூட்டுக்கில்லையப்பா, வடிவுக்கு."

"வடிவுக்கு நெருப்பு வைக்கிற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீடு ஊரின் ஓரத்தில் உள்ள பழைய செங்கல் வீடு. முன்னர் இருந்தவர்கள் பலகை அடித்து மூடிவிட்டுப்போன ஒரு கணப்படுப்பும், அதற்கு மேலே புகைபோக்கியும் இருந்தன. நான் பக்டரியில் பொதி கட்டும் பகுதியில் வேலை. மனைவி முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். என்னுடைய டெனிஷ் பக்டரி டெனிஷ், இரைச்சலுக்குள் கத்துவதற்குப் போதும். அவளுடையது அப்படி இல்லை. அவள் ஃபோனில் கதைத்தால் மறுபக்கத்துக் கிழவிகள், நீ எந்த ஊர்ப்பக்கம் பிள்ளை என்று எங்கள் ஜூட்லாந்துப் பக்கத்து ஊர்களின் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

காஸ் வேலைக்காரர் ஓர் இலையுதிர்காலத்தில் வந்தார். நல்ல உயரம், பஞ்சு மாதிரி வெள்ளைப் புருவம், எதையும் இரண்டு தரம் சொல்லும் பழக்கம். முதல்நாள் புகைபோக்கியைக் கூட்டித் துடைத்து, உள்ளே ஓர் உலோகக் குழாய் இறக்கினார். வெளியே சுவரோரம் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் இரண்டு சிலிண்டர்களை வைத்து, அதிலிருந்து செப்புக் குழாய் இழுத்தார். மறுநாள் எரிதட்டை வைத்து, ஆறு கட்டைகளையும் படத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இலக்கம் இருந்தது. வடிவுக்காக இடம் மாற்றி வைக்காதே, மாற்றினால் கரி பிடிக்கும் என்றார். யா, யா என்றேன்.

அதன்பிறகுதான் துவாரக் கதை வந்தது. இந்த நெருப்பு அறைக்குள் இருக்கிற காற்றைக் குடித்துத்தான் எரியும், ஆகவே வெளிக்காற்று எந்நேரமும் உள்ளே வரவேண்டும், வெளிச்சுவரில் ஒரு துவாரம் போடவேண்டும் என்றார். காற்றுப் போதாவிட்டால் புகை மேலே போகாது, அறைக்குள் திரும்பும், அந்தப் புகைக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, ஆளைக் கொல்லும் என்றும் சொன்னார். இரண்டு தரம் சொன்னார். பிறகு வடகிழக்கு மூலையைக் காட்டி, இந்த அலுமாரிக்கு மேலே போடலாமா என்று கேட்டார்.

அது அலுமாரி இல்லை, எங்கள் சாமித்தட்டு. வெள்ளைக்காரர் வருகிறார்கள் என்றால் அதன் கதவுகளைச் சாத்திவிடுவது என் பழக்கம். பக்தி இல்லாமல் அல்ல. திறந்திருந்தால் கேட்பார்கள், கேட்டால் ஏன் யானைமுகம், ஏன் ஆறுமுகம் என்று என் பக்டரி டெனிஷில் நான் விளங்கப்படுத்த வேண்டும். அன்றைக்கும் சாத்தியிருந்தேன். இதற்குள் விளக்கு எரியும், துவாரத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடு என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்த மனிதர் தள்ளிப் போட்டிருப்பார். நான் யா, யா என்றேன். அவர் சாமியின் தலைக்கு நேர் மேலே துளைத்தார்.

போகும்போது ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைச் சுவரில் ஒட்டினார். அந்த நஞ்சுப்புகை வந்தால் இது கத்தும் என்றார். இந்தத் துவாரத்தை ஒருநாளும் மூடக்கூடாது என்று கடைசியாகவும் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். மனைவி அன்று வேலையில் நின்றாள். இந்த எச்சரிக்கைகளில் ஒன்றுகூட அவள் காதில் விழவில்லை. பின்னேரம் வந்து, உதென்ன ஓட்டை என்று கேட்டாள். காத்து வரத்தான் என்றேன். அவர் தந்த கையேட்டைப் பஞ்சாங்கத்துக்குக் கீழே வைத்தேன், அதை எடுத்து வாசிக்கவே இல்லை.

முதல் மாதம் நான் நடந்த நடையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆட்கள் வருகிறார்கள் என்றால் நெருப்பை முன்னரே கொளுத்தி வைக்கமாட்டேன். அவர்கள் வந்து இருந்த பிறகுதான் குமிழை அமர்த்திப் பிடித்து, முப்பது எண்ணி, சின்ன நீலச் சுடர் நிலைத்ததும் எழும்பி, ஒருமுறை எல்லாரையும் பார்த்துவிட்டு ரிமோட்டை அமர்த்துவேன். புஸ்ஸென்று எரியும். வீட்டில் வேறு பேச்சுக்கு இடமே இல்லாமல் செய்துவிட்டேன். சாமான் விற்கிறவன் மாதிரி எல்லாருக்கும் காஸ் சிலிண்டரைப் பற்றி உபதேசம் செய்தேன்.

மனைவிக்கும் அது மெல்ல மெல்லப் பிடித்துப்போனது. காலை வேலை முடித்து மூன்று மணிக்கு வந்தால், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருப்புக்கு முன்னால் காலை நீட்டி இருப்பாள். நாள் முழுக்கக் கிழவர்களைத் தூக்கி இருத்தின கால். அங்கேயே சிலநேரம் நித்திரையாகிவிடுவாள். நான் நாலரைக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, நான் வென்றுவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமைகளில்தான் சிக்கல். பின்னேரம் விளக்கேற்றுவது எங்கள் வீட்டில் என்னுடைய பொறுப்பு. ஜூட்லாந்தின் காற்றைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது துவாரத்துக்குள்ளால் நேராக இறங்கி விளக்கை அணைத்தது. இன்னும் ஒருதரம் ஏற்றினேன், அணைத்தது. மூன்றாம் தரமும் அணைந்தபோது தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நான் பெரிய துணிச்சல்காரன் மாதிரிக் கதைப்பேன், ஆனால் விளக்கு தானாக அணைந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

மனைவி சமையலறையில் நின்றபடியே சொன்னாள். "காத்தடிச்சா விளக்கு அணையுந்தானே. சாமித்தட்டை மற்றப் பக்கம் தள்ளி வைப்பம். இல்லாட்டி ஒரு கண்ணாடிக் கூண்டு வாங்கி மூடுவம்."

"வடகிழக்கு மூலையை விட்டிட்டு எங்க தள்ளுறது? கண்ணாடிக்குள்ள வைச்சால் சவக்காலை விளக்கு மாதிரி இருக்கும்."

"அப்ப அணையட்டும்," என்றாள். அவளுக்குச் சாமியோடு சண்டையும் இல்லை, பயமும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்த நேரம் நான் சமையலறை இலாச்சியைத் திறந்தேன். பழைய நூல்சீலைகளைக் கிழித்துத் துண்டுகளாக மடித்து வைப்பாள், சட்டி பிடிக்க, மேசை துடைக்க. பச்சையில் மஞ்சள் கரை போட்ட ஒரு துண்டை எடுத்தேன். கம்பித்தட்டியின் இரண்டு ஆணிகளையும் கழற்றி, துண்டைச் சுருட்டித் துவாரத்துக்குள் இறுக்கமாக அடைத்து, திரும்பத் தட்டியைப் பூட்டினேன். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை விளக்கு அசையாமல் நின்று எரிந்தது. தட்டியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டனான், அதுதான் என்று மனைவியிடம் சொன்னேன்.

அந்த மனிதர் சொன்னதை மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. நன்றாக நினைவிருந்தது. இந்த நாட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் அளவுக்கு மிஞ்சிப் பயப்படுகிறவர்கள், சைக்கிள் ஓடுவதற்கே தலைக்கவசம் போடுகிறவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் நான் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தபோது அந்த வெள்ளைப் பெட்டி வீரிட்டுக் கத்தியது. எங்கள் சமையலறைப் புகைமணி, வடை சுட்ட ஒருநாளில் கத்தத் தொடங்கி, அன்றிலிருந்து பற்றறி இல்லாமல் இலாச்சிக்குள் கிடக்கிறது. டென்மார்க்கில் பாதித் தமிழ் வீடுகளில் அதன் இடம் அதுதான். இதுவும் அதன் தம்பி என்று நினைத்து, பற்றறியைக் கழற்றி, பெட்டியையும் அதே இலாச்சிக்குள் போட்டேன். இது சாம்பிராணிக்குக் கத்துகிற பெட்டி இல்லை என்று கையேட்டில் எழுதியிருந்ததாம்.

மார்கழி தொடங்கியதும் மனைவிக்குத் தலையிடி வந்தது. முதலில் பின்னேரங்களில் மட்டும். பிறகு குமட்டலும் சேர்ந்தது. டாக்டர் பிறஷர் பார்த்தார், சரியாக இருந்தது. கண்ணாடி மாற்றினாள், அதற்கும் நிற்கவில்லை. கதிரையில் இருந்தால் எழும்ப மனமில்லாமல் கிடந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"வேலைக்குப் போனால் இடிக்கிறேல்லை, வீட்டை வந்தாத்தான் உமக்குத் தலை இடிக்குமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஓம், அதைத்தானே நானும் சொல்லுறன். வீட்டிலதான் இடிக்குது. இந்த அறைக்குள்ளதான்."

"உமக்கு என்ர நெருப்பு முதலே பிடிக்கேல்லை. அதைச் சொல்லுமன்."

எந்த அறை, எந்த நேரம் என்று எல்லாவற்றையும் அவள் சொல்லிவிட்டாள். நான் அதைக் குறை என்று கேட்டேன்.

எஸ்பியர்க்கில் இருக்கிற அவளுடைய சிநேகிதி ஃபோனில், எத்தனை பேர் வந்து வாய் பார்த்துவிட்டுப் போனார்கள், இது நாவூறுதான் என்றாள். எனக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. ஊர்க்கண் படுகிற அளவுக்கு என் வீட்டில் ஒன்று இருக்கிறது என்பதில் ஒரு பெருமை. மனைவியைக் கதிரையில் இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி, மூன்று தரம் தலையைச் சுற்றி, அப்படியே கொண்டுபோய் அந்தப் பீங்கான் கட்டைகளுக்கு மேலே போட்டேன். நாவூறு இருந்தால் மிளகாய் எரிந்தும் நெடி வராது, நாவூறு இல்லாவிட்டால் இருமல் பிடுங்கும் என்பது கணக்கு.

இருமல் பிடுங்கியது. புகைபோக்கிக்குள்ளால் மேலே போகவேண்டிய புகை, திரும்பி எங்கள் முகத்துக்கு வந்தது. இருவரும் கண்ணீர் வடிய ஓடிப்போய் முன்கதவைத் திறந்தோம். "பாத்தீரே, நாவூறு ஒண்டுமில்லை. உம்மட மனந்தான்," என்றேன். திறந்த கதவோடு குளிரில் அரைமணி நேரம் நின்றதில் அவளுக்குத் தலையிடி விட்டுப்போனது. புகை ஏன் மேலே போகவில்லை என்று நான் யோசிக்கவில்லை.

தையில் நெருப்பு தானாக நூரத் தொடங்கியது. நீலச் சுடர் சுருங்கிப் பக்கென்று நின்றுவிடும். அறையில் காற்றுக் குறைந்தால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ள அதற்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறதாம். நான் குமிழை அமர்த்தி, முப்பது எண்ணி, திரும்பத் திரும்பக் கொளுத்தினேன். ஒரு பின்னேரம் அப்படி இரண்டு தரம் கொளுத்தியிருப்பேன். ஃபோன் அடித்தது. எடுப்பதற்கு எழும்பிய மனைவி, இரண்டு அடி வைத்தாள், முழங்கால் மடிந்து அப்படியே கீழே இருந்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட, மறுமொழி வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நான் அவளைத் தூக்கிச் சோபாவில் கிடத்திவிட்டு நிமிர்ந்தேன். என் கண் துவாரத்துக்குப் போனது. அந்த ஒரு கணத்தில் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், இருக்காது என்று கண்ணை எடுத்துவிட்டு, சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். ஆணியைக் கழற்றினால் நான் பிழை என்று ஆகும். என் மனைவியின் உயிரை ஒரு பக்கத்திலும் அதை மறுபக்கத்திலும் வைத்து, நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

மறுநாள் காலையில் அவள் வேலைக்குப் போகவில்லை. சுகமில்லை என்று அவள் லீவு சொல்லி நான் கண்டதில்லை. நான் ஃபோன் எடுத்தது டாக்டருக்கு இல்லை. காஸ் வேலைக்காரருக்கு எடுத்து, நீ பூட்டின சாமான் சரியில்லை, நூர்ந்து நூர்ந்து போகிறது என்று சத்தம் போட்டேன். அவர், வீட்டில் யாருக்கும் தலையிடி இருக்கிறதா என்று கேட்டார். மனைவிக்கு என்றேன். நெருப்பைத் தொடாதே, யன்னல்களைத் திற, உடனே வாறேன் என்றார்.

வந்ததும் வெள்ளைப் பெட்டி எங்கே என்று கேட்டார். இலாச்சியைக் காட்டினேன். அவர் யன்னல்களை மூடிவிட்டு, தான் கொண்டுவந்த, நஞ்சுப்புகையை அளக்கும் மானியில் ஒரு கண் வைத்துக்கொண்டு, நெருப்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டார். ஒரு சின்னப் புகைக்குச்சியைக் கொளுத்தி நெருப்புக்கு முன்னால் பிடித்தார். புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பி வந்தது. செத்தல் மிளகாய் எனக்கு முன்னரே காட்டித் தந்ததைத்தான் அவர் குச்சியால் காட்டினார். நெருப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து, கட்டைகளுக்கு இடையில் இருந்து கருகிய மிளகாய்க் கொட்டைகள் சிலவற்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நேராகத் துவாரத்துக்குப் போனார்.

இரண்டு ஆணி. தட்டி கழன்றது. விரலை விட்டு இழுத்தார். பச்சைச் சீலைத்துண்டு மஞ்சள் கரையோடு நீளமாக வந்தது. அதை விரித்துப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யார் இதைச் செய்தது?"

சீலை. பொம்பிளைத் துணி. பொய் அவர் கையிலேயே ஆயத்தமாக இருந்தது. நான் அதற்காகப் பாடுபடவே இல்லை.

"என் மனைவி," என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "சாமிக்கு விளக்கு வைக்கிறவள், காற்றில் அணைகிறது என்று பயம். எங்கள் நாட்டுப் பெண்கள், தெரியும்தானே," என்றும் சொன்னேன். வாய் கூசவில்லை. டெனிஷில் நான் அவ்வளவு பிசகில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

சமையலறை வாசலில் கோப்பித் தட்டோடு மனைவி நின்றாள். கேட்டிருந்தாள்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை, அதுதான் இன்னும் மோசம். சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக, உரத்த குரலில், கையை அசைத்து அசைத்துச் சொன்னார். காற்று. உள்ளே வரவேண்டும். துணி வைக்கக் கூடாது. துணி, இல்லை. செத்துப்போவாய். விளங்குகிறதா? முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்கு வருகிற டெனிஷ் பிள்ளைகளுக்கு வேலை பழக்குகிறவள் அவள். தட்டைப் பிடித்தபடி கடைசிவரை கேட்டாள். என்னை ஒருதரம் பார்த்தாள். ஒரேயொரு தரம்தான்.

"விளங்குகிறது," என்று அவருடைய ஊர்ப்பேச்சிலேயே சொன்னாள். "மன்னிக்கவேண்டும். இனி நடக்காது." பிறகு அவருக்குக் கோப்பி ஊற்றினாள்.

அவர் இனி எரிக்கக்கூடாது என்று நெருப்புக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டினார். இன்றைக்கே இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் பார்க்கவேண்டும் என்றார். எஸ்பியர்க்குக்கு நான்தான் காரை ஓட்டினேன். அங்கே தாதி, எப்படி நடந்தது என்று கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். அதற்கிடையில் மனைவி, "நான் காற்றுத் துவாரத்தை அடைத்துவிட்டேன், தெரியாமல்," என்றாள். இரத்தத்தில் அந்த நஞ்சு இருந்தது. முகமூடி போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். இன்னும் சில நாட்கள் அந்த அறையில் இருந்திருந்தால் நித்திரையிலேயே போயிருப்பாள் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார். நல்லவேளையாக நீ ஆளைக் கூப்பிட்டாய் என்று என் தோளைத் தட்டினார். எனக்கு அந்த இடத்திலேயே நிலத்துக்குள் போகவேண்டும் போல இருந்தது.

திரும்பி வரும்போது காருக்குள் கேட்டேன். "ஏன் நீர் அப்பிடிச் சொன்னனீர்?"

"அங்க ஒரு கதை, இஞ்ச ஒரு கதை எண்டால் உங்களைப் பொய்யன் எண்டெல்லே நினைப்பினம்," என்றாள். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். நான் மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் அதுதான். வீதியில் பனி இருக்குது போல என்றேன்.

அவள் சுகமானாள். பெட்டி திரும்பச் சுவருக்கு ஏறியது, அந்த மனிதர் வந்து சோதித்துச் சிவப்புச் சீட்டைக் கழற்றினார். விளக்குக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு வாங்கி வந்தேன், அவள் முதல்நாள் சொன்ன அதே கூண்டு. விளக்கு அதற்குள் நன்றாகவே எரிந்தது. சவக்காலை நினைவு எனக்கு வரவில்லை. பச்சைச் சீலைத்துண்டை அவள் எறியவில்லை. துவைத்து, சமையலறையில் சட்டி பிடிக்கிற கொளுக்கியில் கொழுவினாள். வேண்டுமென்று செய்தாளா, துணி நல்லதாக இருக்கிறதே என்று செய்தாளா தெரியவில்லை. நான் இன்றுவரைக்கும் அதைத் தொட்டதில்லை. சட்டி சுட்டாலும் வேறு துணி தேடுவேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஒக்டோபரும் அந்த மனிதர் சோதனைக்கு வருவார். சப்பாத்துக்கு மேலே நீல உறையை மாட்டிக்கொண்டு உள்ளே வந்ததும் முதல் வேலை, மனைவியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவது. "இந்த வருடமும் சுவர் சாரி கட்டியிருக்கிறதா?" என்பார். அவள் சிரிப்பாள். "இல்லை, இந்த வருடம் வெறும் மேல்தான்," என்று ஒருமுறை சொன்னாள், மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். தட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவளுக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டுவார். பிறகு கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தூரிகையால் தட்டி, இலக்கப்படி அடுக்கி, எரிதட்டைத் துடைத்து, புகைக்குச்சி பிடித்து, பத்திரத்தில் ஒப்பம் வைப்பார். அந்த ஒரு மணி நேரமும் எனக்குத் தோட்டத்தில் ஏதாவது வேலை இருக்கும். இலை கூட்டுவேன். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு மரம்.

நெருப்புக்குக் கீழே உள்ள சின்னக் கதவுக்குப் பின்னால் அவர் ஒரு பத்திரம் ஒட்டியிருந்தார். ஒருநாள் தூசு தட்டும்போது வாசித்தேன். கையால் எழுதியிருந்தது: மனைவி துவாரத்தைத் துணியால் அடைப்பவர், ஒவ்வொரு முறையும் பார்க்கவும். கீழே திகதியும் ஒப்பமும். பேனா என் சட்டைப்பையிலேயே இருந்தது. கதவைச் சாத்தினேன்.

போன ஒக்டோபரில் வேறு ஆள் வந்தார். ஓர் இளம் பெண், முன்னையவர் ஓய்வு எடுத்துவிட்டார் என்றாள். கையில் இருந்த திரையில் எங்கள் வீட்டு விபரத்தைப் படித்தாள். அந்தப் பத்திரத்து வசனம் அதற்குள்ளும் போயிருந்திருக்கவேண்டும். நேராக மனைவியிடம் போய், மெதுவாக, கையை அசைத்து, காற்று எவ்வளவு முக்கியம் தெரியுமா என்று தொடங்கினாள்.

அந்தத் துணிவு எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அது இவள் இல்லை. நான்," என்றேன். "நான்தான் அடைத்தேன். இவளுக்கு ஒன்றும் தெரியாது."

அந்தப் பிள்ளை தோளைக் குலுக்கினாள். சரி, அப்படியென்றால் உனக்குத்தான் சொல்லவேண்டும் என்று சொல்லி, முதலில் இருந்து எல்லாவற்றையும் எனக்குச் சொன்னாள். திரையில் ஒரு சொல்லை அழித்து வேறொரு சொல் போட்டாள். ஐந்து நிமிட வேலை. இதற்குத்தானா இவ்வளவு காலம் என்று நினைத்தேன். நெஞ்சு இலேசானது போல இருந்தது. அவள் போன பிறகு மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்று, உள்ளதைச் சொன்னால், ஒரு பாராட்டைத்தான் எதிர்பார்த்து நின்றேன்.

மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையை அந்தப் பச்சைத் துண்டில் துடைத்தாள்.

"இந்தப் பிள்ளைக்குச் சொல்லி என்ன? அவவுக்கு என்னைத் தெரியாது," என்றாள். "என்னை ஒண்டும் தெரியாத மொக்கி எண்டு நினைச்சுக்கொண்டு போனது மற்ற ஆளெல்லே. அந்தாளுக்குச் சொல்லியிருக்க வேணும்."

குரலில் கோபம் இல்லை. அந்தச் சிரிப்பெல்லாம், கண் சிமிட்டலுக்கு மறுமொழியெல்லாம் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் அதுவரை ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் சிரித்ததால் அவளுக்கு நோகவில்லை என்று வைத்துக்கொண்டிருந்தேன்.

சொல்லுறன் என்றேன். ஆள் இந்த ஊர்தானே, கண்டால் கட்டாயம் சொல்லுறன் என்றேன்.

மாசியில் கண்டேன். சுப்பர்மார்க்கெட்டில் பால் அடுக்கியிருக்கும் பக்கம், புருவம் இன்னும் வெளுத்து, சின்ன வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை, அவசரம் ஒன்றும் இல்லை. வசனம்கூட என்னிடம் ஆயத்தமாக இருந்தது, பல நாளாகக் காருக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய வசனம்.

"மனைவி எப்படி?" என்று கேட்டார். கண்ணைச் சிமிட்டினார். "துவாரத்தைத் திறந்து வைத்திருக்கிறாளா?"

"யா, யா," என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் பாலை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நான் அவரைக் கண்டதாகச் சொல்லவில்லை. இப்போது இதை எழுதி முடித்ததும் அவள் வாசிப்பாள், அப்போது தெரிந்துகொள்வாள். அவர் வாசிக்கமாட்டார். நான் இதையும் தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.